வருடம் ஒரு மேமோகிராம் போதுமா? பிஆர்சிஏ1 உள்ளவள் போட்டுப் பார்த்த கணக்கு

அக்காவுக்கு மார்பில் கட்டி என்று தெரிந்தது 2022 ஆகஸ்டில். அதற்கு ஏழு மாதம் முன்னால், பொங்கல் முடிந்த கையோடு மாஸ்டர் ஹெல்த் செக்கப் போய், மேமோகிராமும் (மார்பக எக்ஸ்ரே) எடுத்து, ‘நார்மல்’ என்று வந்த ரிப்போர்ட்டைக் குடும்ப வாட்ஸாப் குரூப்பில் போட்டிருந்தாள். நாங்களும் கும்பிடு பொம்மைகளாகப் போட்டுத் தள்ளினோம். அந்த ரிப்போர்ட்டில் தப்பு எதுவும் இல்லை என்பதுதான் கொடுமை. பின்னால் சென்னையில் ஒரு ரேடியாலஜி டாக்டர் அதே படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, “இன்னிக்கு என்கிட்ட வந்தாலும் நானும் நார்மல்னுதான் எழுதுவேன்மா” என்றார். அக்காவுக்கு அப்போது 41 வயது, கட்டி இரண்டரை சென்டிமீட்டர், ட்ரிப்பிள் நெகட்டிவ் வகை, அதாவது ஹார்மோன் மருந்துகளுக்குக் கேட்காத வகை. மரபணுப் பரிசோதனையில் பிஆர்சிஏ1 என்ற மரபணுவில் மாற்றம் இருப்பதாக வந்தது. அடுத்து எனக்கும் எடுத்தார்கள், எனக்கும் இருக்கிறது. எனக்கு இப்போது 37 வயது.

நான் டாக்டர் இல்லை, திருச்சியில் ஒன்பதாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறவள். ஆனால் மூன்று வருடமாக இதே வேலையாக டாக்டர்களைக் கேட்டு, ஆய்வுகளைப் படித்து, ஸ்கேன் சென்டர்களில் காத்துக் கிடந்து சேர்த்தது கொஞ்சம் இருக்கிறது. எந்தப் பரிசோதனை எதற்கு உதவும், எதற்கு உதவாது, ஆபரேஷனோடு ஒப்பிட்டால் எப்படி என்று எழுதி வைக்கிறேன். குடும்பத்தில் இந்த மாற்றம் இருப்பதாக ரிப்போர்ட் கையில் வாங்கியவர்களுக்கும், வாங்கலாமா என்று யோசிக்கிறவர்களுக்கும்தான் இது. மற்றவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது, அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் எண்கள். 2017-இல் வந்த பெரிய ஆய்வு ஒன்றின்படி, பிஆர்சிஏ1 மாற்றம் உள்ள பெண்களுக்கு 80 வயதுக்குள் மார்பகப் புற்றுநோய் வர வாய்ப்பு 72%, அதன் கூட்டாளி மரபணுவான பிஆர்சிஏ2-இல் மாற்றம் என்றால் 69%. சினைப்பைப் புற்றுநோய்க்கு முறையே 44%, 17%. 72 என்று பார்த்ததும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. ஆனால் அது 80 வயது வரைக்குமான மொத்தம். அதே ஆய்வு, பிஆர்சிஏ1-இல் முப்பதுகளுக்குள்ளேயே ஆபத்து ஏறிவிடுகிறது, அதற்குப் பிறகு வருடத்துக்கு ஆயிரத்தில் 20 முதல் 30 பேர் என்று அப்படியே ஓடுகிறது என்கிறது. அதாவது இந்த வருடம் எனக்கு வர வாய்ப்பு நூறில் இரண்டு, மூன்று. இந்த வருடம் வராமல் போக 97. அடுத்த வருடம் மறுபடியும் அதே சீட்டுக் குலுக்கல். இப்படிப் பிரித்துப் பார்த்த பிறகுதான் எனக்கு ராத்திரித் தூக்கம் வந்தது, ஏனென்றால் வருடத்துக்கு வருடம் என்ன செய்யலாம் என்று அதன் பிறகுதானே யோசிக்கவே முடிகிறது.

இன்னொன்று, எங்கள் வீட்டில் இது அப்பா வழியில் வந்தது. அம்மா பக்கம் யாருக்கும் எதுவும் இல்லை. அக்காவிடம் செக்கப்பில் “அம்மாவுக்கு, சித்திக்கு, பெரியம்மாவுக்கு யாருக்காவது இருக்கா” என்று கேட்டார்கள், இல்லை என்றாள், அதோடு சரி. அத்தை 1998-இல் ‘வயிற்றில் நீர் கோத்து’ இறந்தது அக்காவுக்கே ஞாபகம் வரவில்லை, வந்திருந்தாலும் அதற்கும் மார்புக்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றியிருக்கும். அது சினைப்பைப் புற்றுநோய் என்பது இப்போதுதான் எங்களுக்குப் புரிகிறது. ஆண்களும் இந்த மாற்றத்தைச் சுமக்கிறார்கள், மகளுக்கோ மகனுக்கோ கொடுக்க ஐம்பதுக்கு ஐம்பது. ஆகவே அத்தைகளைப் பற்றியும் கேளுங்கள்.

எங்கள் ரிப்போர்ட்டில் இருக்கும் மாற்றத்துக்குப் பழைய பெயர் 185டெல்ஏஜி. மரபணுவில் ஏ, ஜி என்ற இரண்டு எழுத்துகள் விடுபட்டுப் போயிருக்கின்றன, அவ்வளவுதான் விஷயம். உலகம் முழுக்க இது ஐரோப்பிய யூதர்களோடு சேர்த்துப் பேசப்படுவது. ஆனால் தென்னிந்தியப் பெண்களிடமும் இது அடிக்கடி தென்படுவதாக 2009-இல் ஓர் ஆய்வு வந்திருக்கிறது. அதற்கு முன்பே ஓர் இந்தியக் குடும்பத்தை ஆராய்ந்தவர்கள், இது அங்கிருந்து இங்கே வந்ததில்லை, இங்கேயே தனியாக உண்டானது என்று கண்டிருக்கிறார்கள். கூகுளில் தேடியதும் ‘யூத மரபணு’ என்று வந்து, எங்கள் கொள்ளுத்தாத்தா யார் என்று அண்ணன் ஒரு வாரம் ஆராய்ச்சி பண்ணிக்கொண்டிருந்தான்.

சரி, பரிசோதனைக்கு வருகிறேன். கையால் தொட்டுப் பார்ப்பது, மேமோகிராம், அல்ட்ராசவுண்ட், எம்ஆர்ஐ. இந்த நான்கையும் ஒரே பெண்களுக்கு ஒரே சமயத்தில் செய்து பார்த்தால் எது எத்தனை கண்டுபிடிக்கும்? கனடாவில் டொரண்டோவில் இதைச் செய்திருக்கிறார்கள், 2004-இல் வெளிவந்தது. பிஆர்சிஏ மாற்றம் உள்ள 236 பெண்கள், மொத்தம் 22 புற்றுநோய்கள். எம்ஆர்ஐ காட்டியது 17. மேமோகிராம் 8. அல்ட்ராசவுண்ட் 7. டாக்டர் கையால் தொட்டுக் கண்டது 2. சின்ன ஆய்வுதானே என்று கேட்டால், அதே வருடம் நெதர்லாந்தில் 1,909 பெண்களை வைத்துச் செய்த ஆய்விலும் எம்ஆர்ஐ 71%, மேமோகிராம் 40%, கை 18%. அடுத்த வருடம் இங்கிலாந்தில் 77-க்கு 40. மூன்று நாடு, மூன்று குழு, கிட்டத்தட்ட ஒரே விடை. ஒரு மாணவி மூன்று விதமாகப் போட்டு ஒரே விடை கொண்டுவந்தால் நான் டிக் அடித்துவிடுவேன்.

மேமோகிராம் ஏன் இப்படித் தோற்கிறது? இளம் வயதில் மார்பில் சுரப்பித் திசு அதிகம், கொழுப்பு குறைவு. எக்ஸ்ரேயில் சுரப்பித் திசு வெள்ளையாகத் தெரியும், கட்டியும் வெள்ளையாகத்தான் தெரியும். துவரம்பருப்பில் வெள்ளைக் கல் கிடந்தால் முறத்தில் போட்டதும் தெரிந்துவிடும், அரிசியில் கிடந்தால் பல்லில் பட்டால்தான் தெரியும். வயதான பிறகு கொழுப்பு கூடும், அப்போது முறத்தில் இருப்பது துவரம்பருப்பாக மாறும், மேமோகிராமும் நன்றாக வேலை செய்யும். ஐம்பது, அறுபது வயதுக்காரர்களுக்கு அது நல்ல கருவி என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் பிஆர்சிஏ1 கட்டி முப்பதுகளிலேயே வரத் தொடங்கிவிடுகிறது. அதோடு இந்தக் கட்டிகளுக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. விளிம்பு கரடுமுரடாக இல்லாமல் வழவழவென்று உருண்டையாக இருக்கும், சுண்ணாம்புப் புள்ளிகளும் அவ்வளவாக இருக்காது, ஆகவே மேமோகிராமில் பிடிபடும் இரண்டு அடையாளங்களும் போச்சு. அல்ட்ராசவுண்டில் பார்த்தால் சாதாரண ஃபைப்ரோஅடினோமா, அதாவது பயப்பட வேண்டாத கட்டி மாதிரித் தெரியும். வேகமாகவும் வளரும். அக்காவுக்கு ஏழு மாதத்தில் நடந்தது அதுதான்.

அல்ட்ராசவுண்ட் விலை குறைவு, கதிர்வீச்சு கிடையாது, எல்லா ஊரிலும் இருக்கிறது, அதனால் ‘எம்ஆர்ஐ வேண்டாம், ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் எடுத்துக்கோங்க போதும்’ என்று சொல்லும் டாக்டர்கள் உண்டு. எனக்கும் ஒருவர் சொன்னார். எம்ஆர்ஐ எடுக்கவே முடியாத நிலையில் இருப்பவர்களுக்கு, கர்ப்பிணிகளுக்கு, எதுவும் எடுக்காமல் இருப்பதற்கு இது மேல். மற்றபடி 17-க்கு 7 என்ற கணக்கை மறக்க வேண்டாம்.

எம்ஆர்ஐ வேறு வழியில் வேலை செய்கிறது. புற்றுக்கட்டி வளரத் தனக்கென்று புது ரத்தக்குழாய்களை இழுத்துக்கொள்ளும், அவசரத்தில் கட்டிய வீடு மாதிரி அவை ஒழுகும். கையில் கடோலினியம் என்ற காண்ட்ராஸ்ட் மருந்தை ஏற்றிவிட்டு, நிமிடத்துக்கு ஒரு படமாக எடுத்தால், மருந்து சட்டென்று உள்ளே போய்ச் சட்டென்று வெளியேறும் இடம் தனியாக ஒளிரும். அரிசியா பருப்பா என்ற பிரச்சினையே இதில் இல்லை.

முதல் எம்ஆர்ஐ அனுபவத்தைச் சொல்கிறேன், யாரும் முன்கூட்டிச் சொல்லாததால். மாதவிலக்கு வந்த ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாளுக்குள் எடுக்க வேண்டும், மற்ற நாட்களில் ஹார்மோனால் சாதாரணத் திசுவே ஒளிர்ந்து படத்தைக் குழப்பிவிடும். ஆகவே முன்கூட்டியே தேதி குறிக்க முடியாது. முதல் நாளன்று போன் போட்டு அடுத்த வாரத்தில் இடம் கேட்க வேண்டும், அந்த வாரம்தான் பள்ளியில் பரீட்சை இருக்கும். கிரியாட்டினின் (சிறுநீரகத்துக்கான ரத்தப் பரிசோதனை) பார்த்துவிட்டுத்தான் மருந்து ஏற்றுவார்கள், அந்த ரிப்போர்ட் இல்லாமல் போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். உள்ளே போகும் முன் உலோகம் எல்லாம் கழற்ற வேண்டும். மாமியார் முதல் நாளே மஞ்சள் கயிற்றில் மஞ்சள் துண்டு கட்டித் தந்து தாலிக்கொடியை வாங்கி வைத்துக்கொண்டார், மெட்டியைச் சோப்பு போட்டு உருவினேன், எல்லாம் முடிந்தது என்று நினைத்தால் டெக்னீஷியன் பையன் கூச்சத்தோடு, “அக்கா, ஊக்கு எதுவும் இல்லையே?” என்று கேட்கிறான். பார்த்தால் பழக்க தோஷத்தில் மஞ்சள் கயிற்றிலும் இரண்டு ஊக்கு மாட்டி வைத்திருக்கிறேன்.

கவிழ்ந்து படுக்க வேண்டும். மேசையில் இரண்டு குழிகள், மார்பு அதில் தொங்கும், நெற்றி ஒரு மெத்தை வளையத்தில் பதியும், கை முன்னால் நீண்டிருக்கும். கையில் ஒரு ரப்பர் பந்து, பயந்தால் அழுத்த. கிரைண்டரும் போர்வெல் மெஷினும் மாறி மாறி ஓடுகிற சத்தம். நடுவில் மருந்து ஏறும்போது முழங்கையிலிருந்து தோள் வரை ஜில்லென்று ஒரு கோடு போகும். அரை மணி நேரம், அசையக் கூடாது, மூக்கு அரித்தாலும். மேமோகிராம் பலகைக்கு நடுவில் மார்பை வைத்து அழுத்துவதைவிட எனக்கு இது தேவலை. இருட்டுக்கும் குறுகிய இடத்துக்கும் பயப்படுகிறவர்களுக்கு நேர்மாறாக இருக்கும், அவர்கள் முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது, லேசாக மாத்திரை கொடுப்பார்கள்.

இனி எம்ஆர்ஐயின் மறுபக்கம். அது நிறையக் காட்டும், புற்றுநோய் இல்லாததையும் காட்டும். நெதர்லாந்து ஆய்வில் புற்றுநோய் இல்லாத நூறு பரிசோதனைகளில் மேமோகிராம் ஐந்தில் பொய் எச்சரிக்கை கொடுத்தது, எம்ஆர்ஐ பத்தில். முதல் வருடம்தான் இது அதிகம், ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய படம் இல்லையே. எனக்கும் நடந்தது. 2023-இல் முதல் படத்திலேயே இடப்பக்கம் 6 மில்லிமீட்டரில் ஒரு புள்ளி, சந்தேகத்தை அளக்கும் ‘பைராட்ஸ்’ அளவுகோலில் 4, அதாவது பயாப்ஸி (திசு எடுத்துச் சோதிப்பது) எடுத்தே ஆக வேண்டும். சரி, எடுங்கள் என்றால், முதலில் அல்ட்ராசவுண்டில் அந்தப் புள்ளி தெரிகிறதா என்று தேடினார்கள், தெரியவில்லை. மேமோகிராமிலும் இல்லை. எம்ஆர்ஐயில் மட்டும் தெரிகிற புள்ளியை எம்ஆர்ஐக்குள் படுக்க வைத்துத்தான் ஊசி போட்டு எடுக்க முடியும், அதற்குத் தனிக் கருவி வேண்டும், பழகிய கை வேண்டும். அது அந்த சென்டரில் இல்லை. இல்லை என்பதையும் நேராகச் சொல்லாமல், “ஆறு மாசம் கழிச்சுப் பார்க்கலாம் மேடம்” என்றார்கள். பைராட்ஸ் 3 என்றால் ஆறு மாதம் பார்ப்பது சரி, 4-க்கு அது பதில் இல்லை. ஐந்து வாரம் அலைந்து வேறு ஊரில் எடுத்தோம், சாதாரணத் திசு என்று வந்தது. அந்த ஐந்து வாரத்தில் நான் வகுப்பில் ஒரே ஈவுக் கணக்கை இரண்டு நாள் தொடர்ந்து நடத்தியிருக்கிறேன், பிள்ளைகளும் பாவம் என்று வாயைத் திறக்கவில்லை.

ஆகவே எம்ஆர்ஐக்கு எங்கே போவது என்று முடிவெடுக்கும்போது விலையை இரண்டாவதாகக் கேளுங்கள். முதல் கேள்வி, ‘எம்ஆர்ஐயில் மட்டும் ஏதாவது தெரிந்தால் பயாப்ஸி இங்கேயே எடுப்பீர்களா, இல்லையென்றால் எங்கே அனுப்புவீர்கள்?’ என்பதாக இருக்கட்டும். மார்பகத்துக்கென்று தனி காயில் (மார்பைச் சுற்றி வைத்துப் படம் பிடிக்கும் பாகம்) இருக்கிறதா என்பதும் கேட்க வேண்டியது. ஒரே இடத்தில் வருடா வருடம் எடுப்பதும், சிடியைப் பத்திரமாக வைத்துக்கொள்வதும் பொய் எச்சரிக்கையைக் குறைக்கும். என் இரண்டாம், மூன்றாம் வருடப் படங்களில் அதே புள்ளி அதே அளவில் இருக்கிறது, டாக்டர் அதைப் பார்த்து “நம்ம பழைய ஆள்தான்” என்கிறார்.

எம்ஆர்ஐ எடுத்தால் மேமோகிராமும் வேண்டுமா? இதில் நாடுகளே ஒத்துப் போகவில்லை. அமெரிக்க வழிகாட்டுதல் 25 வயதில் எம்ஆர்ஐயைத் தொடங்கி, 30-இலிருந்து இரண்டையும் வருடாவருடம் எடுக்கச் சொல்கிறது. இங்கிலாந்தில் முப்பதுகளில் எம்ஆர்ஐ மட்டும், 40-க்குப் பிறகுதான் மேமோகிராமும் சேரும். எனக்கு இங்கிலாந்துக் கணக்குதான் சரியாகப் படுகிறது, காரணம் 2016-இல் வந்த ஒரு தொகுப்பாய்வு. எம்ஆர்ஐயோடு மேமோகிராமையும் சேர்த்தால் கூடுதலாகப் பிடிபடுவது பிஆர்சிஏ1-இல் 3.9% தான், பிஆர்சிஏ2-இல் 12.6%. அந்தக் கூடுதலுக்காக முப்பதுகளிலேயே மார்பில் கதிர்வீச்சு பட வேண்டுமா? ஒரு மேமோகிராமின் கதிர்வீச்சு மிகச் சிறியது என்பது உண்மை. ஆனால் டிஎன்ஏ உடைந்தால் ஒட்டுப்போடுகிற வேலையே இந்த பிஆர்சிஏ மரபணுக்களுடையது, நமக்கு அந்த வேலைக்காரர் ஏற்கெனவே பாதி லீவு. 30 வயதுக்கு முன் மார்பில் எக்ஸ்ரே கதிர்வீச்சு பட்ட பிஆர்சிஏ பெண்களுக்கு ஆபத்து கூடியதாக 2012-இல் ஐரோப்பிய ஆய்வு ஒன்றும் சொன்னது. முப்பதுக்குக் கீழே மேமோகிராம் வேண்டாம் என்பதில் ஏறக்குறைய எல்லோரும் ஒன்றுதான். பிஆர்சிஏ2 இருப்பவர்கள் என் வழியைப் பின்பற்ற வேண்டாம், அவர்களுக்கு மேமோகிராம் உண்மையிலேயே கூடுதலாகக் காட்டுகிறது.

நாற்பதுக்கு மேல் இரண்டும் எடுக்கும்போது ஒரே நாளில் எடுப்பதா, ஆறு மாத இடைவெளியில் மாற்றி மாற்றியா? இரண்டில் ஒன்றுதான் சிறந்தது என்று நிரூபணம் எதையும் நான் பார்த்ததில்லை. ஒரே நாள் என்றால் ஒரு நாள் லீவு, ஒரு முறை பதற்றம். மாற்றி எடுத்தால் நடுவில் திடீரென்று வளர்வது பிடிபட ஒரு வாய்ப்பு, ஆனால் வருடத்துக்கு இரண்டு முறை வயிற்றைக் கலக்கும். எனக்கு 40 வந்தால் நான் மாற்றித்தான் எடுப்பேன். அக்காவின் ஏழு மாதத்தை மறக்க முடியவில்லை, அதுதான் காரணம், பெரிய அறிவியல் ஒன்றும் இல்லை.

பெரிய கேள்விக்கு வருவோம். எதற்கு இந்த வருடாந்தர வம்பு, இரண்டு மார்பையும் முன்கூட்டியே எடுத்துவிட்டால் என்ன? 2013 மே மாதம் ஏஞ்சலினா ஜோலி தனக்கு பிஆர்சிஏ1 இருப்பதையும் அப்படி எடுத்துவிட்டதையும் நியூயார்க் டைம்ஸில் எழுதியது எல்லோருக்கும் தெரியும். ஆபரேஷன் செய்தால் ஆபத்து 90 சதவீதத்துக்கு மேல் குறைகிறது. பரிசோதனை ஆபத்தைக் குறைப்பதே இல்லை, வந்த பிறகு சீக்கிரம் சொல்கிறது, இந்த வித்தியாசத்தை முதலில் மனதில் போட்டுக்கொள்ள வேண்டும். அதிலும் ட்ரிப்பிள் நெகட்டிவ் என்றால், 1 சென்டிமீட்டரைத் தாண்டிவிட்டாலே கீமோ ஏறக்குறைய நிச்சயம். ‘சீக்கிரம் கண்டுபிடித்துவிட்டோம், கீமோ இல்லாமல் தப்பித்துவிடலாம்’ என்ற கணக்கு நமக்கு எல்லா நேரமும் பலிக்கும் என்று சொல்ல முடியாது. எம்ஆர்ஐ பக்கம் நிற்கிற நானே இதைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை.

உயிர்க் கணக்கு என்ன சொல்கிறது? 2019-இல் நெதர்லாந்தில் இரண்டு வழியையும் ஒப்பிட்டார்கள். 65 வயது வரை மார்பகப் புற்றுநோயால் இறக்காமல் இருக்கும் வாய்ப்பு, பிஆர்சிஏ1-இல் ஆபரேஷன் செய்தவர்களுக்கு 99.7%, பரிசோதனையிலேயே இருந்தவர்களுக்கு 93%. பிஆர்சிஏ2-இல் 100-உம் 98-உம். ஆக பிஆர்சிஏ2 என்றால் வித்தியாசம் சொற்பம், தாராளமாகப் பரிசோதனை வழியில் போகலாம் என்பது என் கருத்து. பிஆர்சிஏ1-இல் நூறில் ஆறு, ஏழு உயிர், அது சின்ன எண் இல்லை. பிறகு 2024-இல் 11 நாடுகளில் சுமார் 2,500 பெண்களைத் தொடர்ந்து பார்த்த ஆய்வு வந்தது. பிஆர்சிஏ1 பெண்களில் எம்ஆர்ஐ பரிசோதனையில் இருந்தவர்கள் மார்பகப் புற்றுநோயால் இறப்பது, அது இல்லாதவர்களோடு ஒப்பிட்டால் ஐந்தில் ஒரு பங்காக இருந்தது. சீட்டுப் போட்டுப் பிரித்த ஆய்வு இல்லை, எம்ஆர்ஐக்குப் போகிறவர்கள் மற்ற விஷயத்திலும் கவனமாக இருப்பவர்களாக இருக்கலாம், அதையெல்லாம் கழித்தாலும் என்னை எம்ஆர்ஐ பக்கம் நிறுத்தியது இதுதான்.

அக்கா கீமோ முடிந்ததும் இரண்டு பக்கமும் எடுத்துவிட்டாள், வயிற்றுத் தசையை எடுத்து மார்பு வைக்கவும் இல்லை, சிலிக்கானும் வேண்டாம் என்றாள். தட்டையான மார்போடு, உள்ளே துணிப் பஞ்சு வைத்த பிராவோடு, மெட்ரோவில் ஆபீஸ் போகிறாள். “எனக்கு ஸ்கேன் ரூம் பக்கம் போக வேண்டாம், அது போதும்” என்பாள். தோலில் தொடு உணர்வு போய்விட்டது என்பதை மட்டும் ஒருநாள் மொட்டைமாடியில் துணி காயப்போடும்போது, ஈரத் துணி மார்பில் ஒட்டியிருந்ததே தெரியவில்லை என்று காட்டிச் சொன்னாள். இதை எந்தச் சதவீதத்தில் சேர்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

எனக்கு இன்னும் முடிவில்லை, பொய் சொல்வதற்கில்லை. இப்போதைக்கு வருடாவருடம் எம்ஆர்ஐ, 40-இல் திரும்ப யோசிப்பது. பணமும் ஒரு காரணம்தான். நான் விசாரித்த இடங்களில் காண்ட்ராஸ்டோடு எம்ஆர்ஐக்கு 8,000 முதல் 15,000 வரை சொன்னார்கள், வருடம் ஒரு கிராம் தங்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்ஷூரன்ஸ் கொடுக்காது. முன்தடுப்பு ஆபரேஷனுக்குக் கொடுப்பார்களா என்று கேட்டதற்கு, ‘நோய் இல்லாத உறுப்புக்கு எப்படி மேடம்’ என்று பதில் வந்தது. நோய் வந்த பிறகு கொடுப்பார்களாம்.

மாத்திரை வழி ஒன்று உண்டு, டமாக்சிஃபென். ஹார்மோன் சார்ந்த கட்டிகளை அது ஏறக்குறைய பாதியாகக் குறைக்கும். பிஆர்சிஏ1 கட்டிகளில் பெரும்பாலானவை ஹார்மோன் சாராதவை, அதனால் எனக்கு டாக்டர் அதைப் பற்றி அதிகம் பேசவில்லை. பிஆர்சிஏ2 என்றால் கேட்டுப் பார்க்கலாம்.

மார்பைப் பற்றியே பேசிக்கொண்டிருந்து சினைப்பையை மறந்துவிடக் கூடாது, அங்கே நிலைமை தலைகீழ். மார்புக்குப் பரிசோதனையா ஆபரேஷனா என்று விவாதிக்கலாம், சினைப்பைக்கு விவாதமே இல்லை, ஏனென்றால் அதற்கு உயிர் காக்கும் பரிசோதனை எதுவும் கிடையாது. சிஏ-125 ரத்தப் பரிசோதனையும் வயிற்று ஸ்கேனும் வைத்து இங்கிலாந்தில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களை ஆண்டுக்கணக்கில் பார்த்தார்கள், 2021-இல் வந்த முடிவு, அதனால் இறப்பு குறையவில்லை என்பது. அவர்கள் பொதுவான பெண்கள், பிஆர்சிஏ இல்லை, ஆனாலும் நம்பி உட்கார முடியாது. அதனால் பிஆர்சிஏ1 இருந்தால், குழந்தை பெற்று முடித்த பிறகு, 35-க்கும் 40-க்கும் நடுவில் சினைப்பையையும் கருக்குழாயையும் எடுக்கச் சொல்கிறார்கள், பிஆர்சிஏ2-க்கு 40-லிருந்து 45. எனக்கு இரண்டு பிள்ளைகள், இந்த முழுப் பரீட்சை லீவில் தேதி வாங்கியிருக்கிறேன். சீக்கிரமே மாதவிலக்கு நிற்கும், எலும்பு தேயும், வேர்த்துக் கொட்டும், அதற்கு ஹார்மோன் எடுத்துக்கொள்ளலாமா என்பதையெல்லாம் தனியாக உட்கார்ந்து பேச வேண்டியிருக்கிறது. மார்பில் இதுவரை புற்றுநோய் வராதவர்களுக்குக் கொஞ்ச காலம் கொடுப்பார்கள்.

இரண்டு விஷயத்தை ஒதுக்கியே விடுங்கள். ஒன்று, உடல் சூட்டைப் படம் பிடிக்கும் தெர்மோகிராபி முகாம்கள், ‘வலியில்லை, கதிர்வீச்சில்லை’ என்று நோட்டீஸ் கொடுப்பார்கள். வலியும் இல்லை, பலனும் இல்லை, மேமோகிராமுக்கே மாற்று ஆகாது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ பலமுறை எச்சரித்திருக்கிறது. இரண்டு, சிஏ 15-3 என்ற ரத்தப் பரிசோதனை. நோய் வந்தவர்களைப் பின்தொடர அது, வராதவர்களிடம் தேட இல்லை.

கையால் பார்ப்பதை நான் மட்டம் தட்டுவதாக நினைக்க வேண்டாம். மும்பையில் ஒன்றரை லட்சம் பெண்களை இருபது வருடம் தொடர்ந்து பார்த்த ஆய்வில், பயிற்சி பெற்ற பெண் ஊழியர்கள் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கையால் சோதித்தே ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர்களில் இறப்பு கிட்டத்தட்ட 30% குறைந்திருக்கிறது. 2021-இல் வெளிவந்தது. நம் ஊரில் பொதுவான பெண்களுக்கு அது அருமையான வழி. நூறு பேரில் ஒருவருக்கும் குறைவாகவே இந்த மரபணு மாற்றம் இருக்கும், அந்த ஒருத்திக்கு மட்டும் அது பத்தாது. ஆனாலும் நான் மாதம் ஒருமுறை குளிக்கும்போது பார்த்துக்கொள்கிறேன், இரண்டு எம்ஆர்ஐக்கு நடுவில் எனக்கு இருப்பது என் கை மட்டும்தானே.

மரபணுப் பரிசோதனை எடுக்கலாமா என்று நினைக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. முதலில் நோய் வந்தவருக்கு எடுங்கள், பல மரபணுக்களையும் முழுதாகப் பார்க்கும் பேனல் அவருக்குத்தான். அவரிடம் மாற்றம் கிடைத்துவிட்டால் மற்றவர்களுக்கு அந்த ஓர் இடத்தை மட்டும் பார்த்தால் போதும், செலவு பல மடங்கு குறையும். ‘வியுஎஸ்’ என்று, அர்த்தம் தெரியாத மாற்றம் என்று வந்தால், அதை நம்பி எந்த உறுப்பையும் எடுக்கக் கூடாது, பின்னால் அதில் பெரும்பாலானவை ஒன்றுமில்லை என்று மாற்றப்படுகின்றன.

அண்ணன் இன்னும் எடுக்கவில்லை. அவனுக்கு 20 வயதில் ஒரு பெண் இருக்கிறாள், மதுரையில் படிக்கிறாள். “ஆம்பளைக்கு எதுக்கு” என்று இரண்டு வருடம் ஓட்டிவிட்டான். போன வாரம் அவளே எனக்கு வாட்ஸாப்பில் கேட்டாள்: “அத்தை, அப்பா எடுக்கலைன்னா நான் நேரா எடுத்துக்கலாமா?” எடுத்துக்கலாம் என்று எழுதினேன். 25 வரை ஸ்கேன் எதுவும் தேவைப்படாது, அவசரமில்லை, மரபணு ஆலோசகரிடம் போகும்போது நானும் வருகிறேன் என்றும் எழுதினேன். நீல டிக் விழுந்திருக்கிறது, இன்னும் பதில் வரவில்லை.